அண்ணன் வீட்டுக்கு ஒரு மோடம் அட்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் மாதா கோயிலில் எல்லாருக்கும் தெரியும். பாட்டுக்குழுவிலிருந்து என்னை மரியாதையாக வெளியே அனுப்பியதற்கும் அதுதான் காரணம். அந்தக் கோபத்தில் எனக்கு இருந்த ஒரே உறவையும் இழக்கப் பார்த்தேன். அவரைத் திரும்பப் பேச வைப்பதற்காக, எண்பதுகளின் நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம், கணினிக்குள் செருகும் ஓர் அட்டையைத் தேடி ஊர் முழுக்க அலைந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அந்த ஒரே உறவு என் அண்ணன். அப்பா எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவும் நானும் சிங்கப்பூரின் தேக்காவில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த மறுவருடம் அம்மா போய்விட்டார். அண்ணனும் அண்ணியும் தீவின் மேற்குக் கோடியில், ஜூரோங்கில் இருந்தார்கள். எம்.ஆர்.டி. ரயில் வராத காலம் அது. இரண்டு பேருந்து மாறி அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு பூசையே முடிந்துவிடும். அதனால் நாங்கள் போனில்தான் அண்ணன் தங்கையாக இருந்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் கூப்பிடுவார். கப்பல் பட்டறையில் யார் வழுக்கி விழுந்தார்கள், கோப்பிக் கடையில் யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள், எல்லாம் சொல்வார். எங்கள் தொழிற்சாலையில் எனக்கும் மேற்பார்வையாளருக்கும் நடந்த அன்றைய சண்டையை நான் சொல்வேன். கல்யாணம் ஆகாத, நாற்பதைத் தொடப்போகிற ஒருத்திக்கு அந்த அரைமணி நேரம் எவ்வளவு பெரியது என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

அண்ணனுடைய வேலை கப்பலின் தொட்டிக்குள் இறங்கி, காற்றழுத்தத்தில் ஓடும் சுத்தியலால் துருவைக் கொத்தி எடுப்பது. இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து பதினெட்டு வருடம் இரும்பைக் கொத்தினால் காது என்ன ஆகும்? காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. முதலில் போனில் "என்ன, என்ன" என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு நான் கத்த ஆரம்பித்தேன். பிறகு ஒருநாள் நான் கத்தியதும் அவருக்குக் கேட்கவில்லை. பட்டறையில் அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். ஏழு மணிக்குப் போன் அடிப்பது நின்றது.

அவருக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் கோப்பிக் கடையில் பெரும் சத்தமாகப் பேசிவிடுவார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணி உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுவார், மெதுவாகப் பேசுங்கள் என்று. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து அவர் பேசுவதையே விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக ஜூரோங் போனேன். நான் போய் மூன்று மணி நேரம் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நோட்டில் எழுதி நீட்டினேன். படித்தார், தலையாட்டினார், நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நாலாவது தடவையும் அப்படியே செய்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "காதுதானே போச்சு, வாயுமா போச்சு?" என்று கத்திவிட்டேன். கேட்காது என்ற தைரியம். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணி போன் செய்தார். "நாளைக்கு வர வேணாம்மா. அவரு வேணாங்குறாரு."

"அவரே சொன்னாரா அண்ணி?"

"கையாலதான் காட்டுனாரு."

அதற்கடுத்த வாரமும் அதே கை, அதே வேணாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருமுறை போனேன். என்னைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனவர், நான் கிளம்பும்வரை மேலே வரவில்லை. கடிதம் போட்டேன், ஆறோ ஏழோ. "படிச்சாரும்மா, மடிச்சு வெச்சுட்டாரு" என்றார் அண்ணி. நான் கத்தியதை அவர் என் உதட்டிலிருந்து படித்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும், அவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவேண்டும். எனக்கு அது போதும்.

ஏழு மணிக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. சிராங்கூன் சாலையில் மேலும் கீழும் நடப்பேன். பூ கட்டுகிறவர்கள், நகைக்கடை வாசலில் நிற்கிற குடும்பங்கள், வெற்றிலைக் கடையில் வாயடிக்கிறவர்கள், எல்லாரும் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார்கள். வெங்காயம் வேண்டாத நாளிலும் அரைக் கிலோ வெங்காயம் வாங்குவேன், "வேற என்னக்கா?" என்று கடைக்காரர் கேட்பதற்காக. தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். பேச்சில்லாமல் இருப்பது பழகவில்லை.

எனக்குத் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலை. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பிடித்த கை. அதற்கு இரண்டு வருடம் முன்பே, வெளிநாட்டுக் கணினி ஒன்றின் நகலை உதிரிப் பலகையாக வாங்கி நானே பற்றவைத்து ஓட்டியிருந்தேன். கட்டம் போட்ட தாளில் தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து, தமிழ் தட்டச்சு விசைகளைத் தட்டினால் திரையில் தமிழ் வருமாறு ஒரு நிரலும் எழுதியிருந்தேன். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. தனியாக இருக்கிறவர்கள் இப்படி எதையாவது செய்வார்கள்.

ஒருநாள் தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவர் தன் மேசையிலிருந்து போன் வழியாக வேறோர் அலுவலகக் கணினிக்கு எழுத்தனுப்புவதைப் பார்த்தேன். கணினிக்குள் மோடம் என்று ஓர் அட்டை. நாம் தட்டும் எழுத்தை அது சத்தமாக்கிப் போன் வயரில் அனுப்பும். அந்தப் பக்கத்து அட்டை அந்தச் சத்தத்தைக் கேட்டு மறுபடி எழுத்தாக்கும். எனக்குப் பொறி தட்டியது. அண்ணனுக்கு இனிமேல் கேட்காத சத்தத்தை அட்டை கேட்டுச் சொல்லுமே. எதிரே உட்கார்ந்து நோட்டு நீட்டும் அவமானம் இல்லை, என் முகத்தைப் பார்க்கும் தொல்லையும் இல்லை. பழையபடி போனிலேயே பேசலாம்.

ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் மின்னணுச் சாமான் விற்கும் கடைகள் இருந்தன. அங்கே ஒரு சீனரிடம் மோடம் அட்டை இரண்டு வாங்கினேன், அவருக்கொன்று எனக்கொன்று. வீட்டில் இரண்டாவது கணினியையும் பற்றவைத்து, தொழிற்சாலைத் தோழி ஒருத்தியின் வீட்டில் அதை வைத்துச் சோதித்தேன். ஆங்கிலம் அழகாகப் போனது. தமிழில் தட்டினால் அந்தப் பக்கம் ஆங்கில எழுத்துக் குப்பை. காரணம் பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. போன் பேச்சு தொடங்கியதும் அந்த அட்டை திரையைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. வருகிற எழுத்தை என் தமிழ் நிரலிடம் கொடுப்பதில்லை. அதனிடம் எழுத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதன் நிரல் சில்லுக்குள் பூட்டிக் கிடந்தது. சில்லின் மேல் இருந்த எண்ணைக்கூட யாரும் நகலெடுக்காதபடி சுரண்டி எடுத்திருந்தார்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "இங்கிலீஷ் ஓகே லா. தமிழ் வாட் ஃபார்?" என்றார்.

என் அண்ணன் தமிழ்ப்பள்ளியில் ஆறு வகுப்பு படித்துவிட்டுப் பட்டறைக்குப் போனவர். ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும்தான் போடுவார். அதையெல்லாம் அந்த மனிதரிடம் சொல்லி என்ன பயன்? அட்டை இரண்டையும் அவர் மேசைமேல் வைத்துவிட்டு, நான் சொல்லியிருக்கக்கூடாத இரண்டு மலாய் வார்த்தைகளைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பிறகு நான் தேடியது ஒரே ஒரு வகை அட்டை. தன் சர்க்யூட் வரைபடத்தையும் நிரலையும் அச்சடித்துக் கூடவே தருகிற அட்டை. அப்படிச் சில நிறுவனங்கள் தருவதுண்டு என்று பொறியாளர் சொல்லியிருந்தார். பல மாதம் தேடினேன். சம்பளம் வாங்கிய சனிக்கிழமைகளில் கடை கடையாக ஏறினேன். அட்டையைக் கையில் எடுத்ததும் "புத்தகத்தைக் காட்டு" என்பேன். காட்டுவார்கள். எப்படிச் செருகுவது என்று நாலு பக்கம் இருக்கும். கடைசிப் பக்கத்தைப் புரட்டுவேன், கீழே வைப்பேன். ஒரு கட்டத்தில் என்னைக் கண்டாலே கடைக்காரர்கள் "நோ புக், நோ புக்" என்று கையை ஆட்ட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் அது சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. தரையில் பாய் விரித்து, கழற்றிய ரேடியோ, விசிறி, பல்பு, பியூஸ் என்று பரப்பி வைத்திருந்தவர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் பெரியவர். அவருடைய அட்டைப்பெட்டியில், மூடிப்போன ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த மோடம் அட்டைகள் மூன்று கிடந்தன. சில்லுகளின் மேல் எண்கள் அப்படியே இருந்தன. குனிந்து மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

"பாய், இதோட புத்தகம் வந்துச்சா?"

"வந்துச்சே. நல்ல மொத்தமான தாளு."

"எங்க?"

"பியூஸ் பொட்டலம் மடிக்கத் தோதா இருந்துச்சும்மா. கிழிச்சு மடிச்சுட்டேன்."

அவரை நான் பேசிய பேச்சுக்கு வேறொருவராக இருந்தால் அடித்து விரட்டியிருப்பார். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "ஏன் கோவப்படுறீங்க தங்கச்சி? ஊரை விட்டா ஓடிப்போச்சு? எல்லாம் இங்கதான் கெடக்கு. பிரிச்சு எடுத்துக்குங்க. ஆனா நீங்க பிரிச்சதை நீங்களே மடிச்சுக் குடுத்துட்டுப் போயிடணும்" என்றார். பழைய செய்தித்தாள் ஒரு கட்டையும் நீட்டினார்.

வெயிலில் குந்தி உட்கார்ந்து முப்பது நாற்பது பொட்டலங்களைப் பிரித்தேன். பத்துப் பியூஸ், ஒரு பக்கம். பக்கத்தை முட்டியில் வைத்து நீவி, பியூஸைச் செய்தித்தாளில் மடித்து அடுக்கினேன். வாங்க வந்த ஒருவர் என்னை அவர் மகள் என்று நினைத்து என்னிடமே விலை கேட்டார். பெரியவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். ஒன்று, இரண்டு என்று பக்க எண்கள் சேரச் சேர, வரைபடம் வந்தது, பின்னால் நிரல் முழுக்க வரிவரியாக வந்தது. இன்ன இடத்தில் தட்டினால் வந்த எழுத்தைத் தருவேன் என்று அட்டை தன் வாயாலேயே சொல்லியிருந்தது. ஒளிக்க எதுவும் இல்லை அதற்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவர் அதைப் பார்க்காதது போல ஒரு விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் வேலை. அட்டை திரையைப் பிடுங்கும் இடத்தைக் கண்டுபிடித்து மாற்றினேன். எழுத்து வந்ததும் என் தமிழ் நிரலிடம் கொடுக்க வைத்தேன். அண்ணனுக்கு மணி கேட்காதல்லவா? போன் அடித்தால் திரை வெள்ளையாக மினுங்கும்படி இன்னும் நாலு வரி சேர்த்தேன். பூட்டிய அட்டையில் இதெல்லாம் நடக்குமா?

அண்ணன் வேலைக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, விடுப்பு எடுத்துக்கொண்டு, கணினியைப் போர்வையில் சுற்றி டாக்ஸியில் ஜூரோங்குக்குக் கொண்டுபோனேன். அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிதான் திரை. விசைகளின் மேல் தமிழ் எழுத்துகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினேன். சுவரிலிருந்து வரும் போன் வயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் போனுக்கும் ஒன்றை அட்டைக்கும் கொடுத்தேன். அண்ணி இடுப்பில் கையை வைத்து நின்றார்.

"எதுக்கும்மா இந்தக் கூத்து? வந்து பாத்தா கோவப்படுவாரு."

"படட்டும் அண்ணி. கோபம் எங்க குடும்பச் சொத்து. எனக்கு மட்டும் எழுதி வெச்சிருக்கா?"

அண்ணி சிரித்துவிட்டார். எந்தச் சுவிட்சை முதலில் போடவேண்டும், எந்த விசை எதற்கு என்று பெரிய எழுத்தில் எழுதி, 'சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறேன், அண்ணே. பிடிக்காவிட்டால் அணைத்துவிடுங்கள்' என்று கீழே சேர்த்துத் தொலைக்காட்சிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானமே கணினியின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மணிக்கு எண்ணைச் சுற்றினேன். அந்தப் பக்கம் மணி அடித்தது, நாலு தடவை, ஐந்து தடவை. அணைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு கீச்சென்று ஒரு சத்தம். அட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

'அண்ணே' என்று தட்டினேன்.

திரையில் எதுவும் இல்லை. அண்ணன் விசையைத் தேடுகிறாரா, எழுந்து போய்விட்டாரா, எதுவும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது. 'இ'. வெகுநேரம் கழித்து 'ரு'. ஆறேழு தடவை மூச்சை அடக்கி விட்ட பிறகுதான் வார்த்தை முழுசாக நின்றது. 'இருக்கேன்.'

நான் மடை திறந்த மாதிரி தட்டினேன். சாப்பிட்டீங்களா, கிடங்கில் வேலை எப்படி, முழங்கால் வலி பரவாயில்லையா. 'ம்' என்று வந்தது. 'பரவால்ல' என்று வந்தது. ஒரு வருடம் அலைந்தது இந்த 'ம்'முக்கா என்று எனக்குள் பழைய சூடு ஏறியது. அடக்கிக்கொண்டேன். மன்னிப்பைக் கேட்டுவிடலாம் என்று தட்டினேன். 'அன்னைக்கு உங்களைப் பார்த்துக் கத்துனேன். தப்புதான் அண்ணே. ஆனா அதுக்காக என்னை வரவேண்டாம்னு சொல்லலாமா? எனக்கு வேற யார் இருக்கா?'

கையை விசைகளின் மேல் வைத்தபடி காத்திருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். திடீரென்று திரையில் எழுத்துகள் கொட்டத் தொடங்கின. 'ழ'வும் 'ங'வும் கொம்பும் காலும் ஒன்றோடொன்று சேராமல், வரி வரியாகக் குப்பை. நிற்கும், மறுபடி கொட்டும். போச்சு, அட்டை போச்சு, எல்லாம் போச்சு என்று கணினியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். வயரை ஆட்டிப் பார்த்தேன். குப்பை நிற்கவில்லை. வயரில் என்னதான் இரைச்சல் என்று பார்ப்பதற்காகப் போனைக் கையில் எடுத்தேன்.

அட்டைகளின் கீச்சொலிக்கு நடுவே அண்ணன் குரல்.

அவர் போனை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைத்தான் என் அட்டை எழுத்தாக்கப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு அட்டைகளும் தோற்றுப்போய்க் கீச்சிடுவதை நிறுத்தின. அண்ணன் மட்டும் வயரில் இருந்தார்.

"...டைப்பு அடிச்சுப் பேசுறது எனக்கு ஆவாது பாப்பா. ஒரு எழுத்தைத் தேடறதுக்குள்ள அடுத்தது மறந்துபோவுது. நீ போனை எடுத்தியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எடுத்திருந்தா கேளு. நான் கத்துறேனா, முனகுறேனான்னும் தெரியல. அன்னைக்கு நீ கத்துனியா? என்னமோ பேசுறேன்னுதான் நெனச்சேன். அதுக்கெல்லாம் கோவம் இல்ல. உன் வாய் அசையுறத பாத்துக்கிட்டு இருந்தேன். உன் சத்தம் எப்படி இருக்கும்னு யோசிச்சேன். வரல. அம்மா சத்தம் மண்டைக்குள்ள அப்படியே இருக்கு. உன்னோடது வரல. தெனம் கேட்ட சத்தம், எப்படி வராம போச்சு? உன் மூஞ்சியப் பாக்கவே பயமா போச்சு. அதான் வர வேணாம்னேன்."

"அண்ணே" என்றேன். "அண்ணே, நான் இருக்கேன், கேக்குது."

அவர் நிறுத்தவில்லை. கோப்பிக் கடைக்குப் போவதை விட்டதை, பூசையில் மற்றவர்கள் எழுந்த பிறகுதான் தானும் எழுவதை, கிடங்கில் பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதாகத் தோன்றுவதை, எல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். அவர் போனைக் கீழே வைத்தால்தான் அட்டை மறுபடி வேலை செய்யும். கேட்டேன் என்று அப்போதுதான் நான் தட்டிச் சொல்ல முடியும். வைக்கச் சொல்லவும் எனக்கு வழியில்லை, அவர் வைப்பதில் எனக்கு இஷ்டமும் இல்லை. அவர் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் நான் பதில் சொன்னேன். பிறகு அதற்கும் காத்திருக்காமல், மேற்பார்வையாளரோடு போட்ட சண்டைகள், பாட்டுக்குழு, பியூஸ் பொட்டலம் என்று ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம், அவர் பேசப் பேச நானும் உரக்கப் பேசிக்கொண்டே இருந்தேன்.